முழு நிமிடம் எண்ணிய விரல்களுக்கு

செஞ்சிக் கோட்டையின் முக்குன்றும் சன்னலில் தெரிய, முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் பணிபுரிந்து இன்று ஓய்வு பெறும் தலைமைச் செவிலியரே! கனிவும் கண்டிப்பும் கைகோத்து நிற்கும் எங்கள் ரத்தினம்மாள் அக்காவே! வணக்கம்.

கைப்பிடி அளவே உள்ள இதயம் சுருங்கிக் குருதியை உந்தும்போது பிரஷரின் மேல் எண். தளர்ந்து நிரம்பும்போது கீழ் எண். உந்தலுக்கு ஒரு தட்டு மணிக்கட்டில். பிரஷர் பட்டையைச் சுற்றியபடியே இவ்வளவையும் சொல்லித் தருவீர்கள். நாடி பார்க்க நாங்கள் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவோம். தாங்களோ முழு நிமிடம் எண்ணுவீர்கள். வரிசை வாசல்வரை நீளும். "அக்கா கைய புடிச்சா சிங்கவரம் பஸ்சு போயிடும்" என்று கேலி பேசியவர்கள் வேறு யாருமல்லர், கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்களேதான்!

சென்ற தை மாதம் நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கன்னியப்பன், விருந்துக்கு வந்த மைத்துனருக்கு ராஜகிரிக் கோட்டையை ஏறிக் காட்டிவிட்டு நேரே பணிக்கு வந்து, வியர்த்து விறுவிறுத்துச் சுவரில் சாய்ந்தார். எந்த மயக்கத்துக்கும் மலைமேல் பழிபோடுவது செஞ்சிக்காரர் வழக்கம். "கோட்ட ஏறனா இப்டித்தான் இருக்கும், இன்னா இப்போ?" என்றார் அவர். நாங்களும் தலையாட்டிச் சோடா வாங்கிக் கொடுத்தோம். மருத்துவமனைக்குள் இருந்தும் ஒருவரும் அவர் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

தாங்கள் தொட்டீர்கள். மலையிறங்கியவர் நாடி விரைந்து ஓடவேண்டும். இவருக்கோ நிமிடத்துக்கு முப்பத்தாறு! உடனே ஈசிஜி எடுத்துப் பார்த்த மருத்துவர் பார்த்திபன், இதயத்தின் மேலறைத் துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேரவில்லை என்றார். தாம் ஓட்டும் வண்டியிலேயே படுத்தபடி புதுச்சேரிக்குப் போனார் கன்னியப்பன். பேஸ்மேக்கர் பொருத்தி, பத்தாம் நாள் சிரித்த முகத்தோடு திரும்பினார். அந்தப் பத்து நாளும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா. இன்றுதான் அதை வாய்விட்டுச் சொல்கிறோம். சொன்னதும் நெஞ்சு லேசாகிறது.

நோயின்றி, குறையின்றி, நூறாண்டு கடந்தும் தாங்கள் வாழ்க!

இறந்தவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்பது ஊர் வழக்கம். இன்று இருப்பவருக்காக நிற்கப்போகிறோம். இம்மடலை வாசித்து முடித்ததும் கன்னியப்பன் மேடையேறிக் கை நீட்டுவார். தாங்கள் எண்ணி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டோம். பஸ் போனால் போகட்டும்!

என்றும் தங்கள் அன்பு மறவா
மருத்துவமனை ஊழியர்கள்,
செஞ்சி.