முந்திரி சேர்க்காத விருந்து

பச்சை சாலட்டில் கஷ்டம் என்று ஒன்று உண்டென்றால் அது இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீர்தான். லெட்டூஸ் கீரையை அலசியதும் வெள்ளைத் துணியில் பரப்பி, இன்னொரு துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் எலுமிச்சைச் சாறு இலையில் பிடிக்காது, கிண்ணத்தின் அடியில் போய்த் தேங்கும். மற்றதெல்லாம் சுலபம். இலைகளைக் கையால் கிள்ளிப் போடலாம். கம்பம் பன்னீர் திராட்சையை இரண்டாக நறுக்கி விதையை எடுத்துவிட வேண்டும். உசிலம்பட்டிக் கடலையை வறுத்து, தோலை ஊதித் தள்ள வேண்டும். கடைசியில் சீஸை உதிர்த்தால் முடிந்தது.

என் பெயர் சனோபர். நுண்ணுயிரியல் படித்தவள். ஆரப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடித் தகடுகள் திரும்பக் கேள்வி கேட்காது என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் ஊமை இல்லை. ஆட்கள் முன்னால் பேச வராது, அவ்வளவுதான். எனக்காக ராத்தா பேசுவாள். என் அக்கா ஷாஹீதா. பஸ்ஸில் எனக்கு டிக்கெட் எடுப்பது, மருந்துக் கடையில் எனக்கு வேண்டியதைக் கேட்பது, விசேஷ வீடுகளில் "இவ நல்லா இருக்கா, வேலைக்குப் போறா, அடுத்த வருசம் பாக்கலாம்னு இருக்கோம்" என்று மூன்று கேள்விகளுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்வது எல்லாம் அவள்தான். அத்தா எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "ரெண்டு பேருக்கும் சேத்து அல்லா ஒரே வாயக் குடுத்துட்டான். அதையும் பெரியவகிட்டயே குடுத்துட்டான்" என்பார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

பிறகு ராத்தாவுக்கு மாப்பிள்ளையாகப் பரீத் மச்சான் வந்தார். பெங்களூரில் வேலை. நல்ல மனிதர், இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிச்சயத்தன்று அவருடைய அம்மா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "சின்னப் புள்ளையில ஒரு கல்யாண வீட்டுல முந்திரியத் தின்னுட்டான். மூஞ்சி இம்புட்டு வீங்கிருச்சு, மூச்சு விட முடியல. அன்னையிலருந்து முந்திரின்னாலே எங்களுக்கு ஈரக்கொலை நடுங்கும். மத்தபடி கல்லத் தின்னாலும் செரிச்சுருவான்."

"முந்திரி போடாத பிரியாணியா?" என்று அம்மாவுக்குத்தான் ஆறவில்லை.

"முந்திரிக்குப் பதிலா மாப்ளைக்கு ரெண்டு நல்லி எலும்பு கூட வையி, ஹாஜரா" என்றார் அத்தா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராத்தாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. தலை வாரிக்கொண்டே பாடுவாள். ஒருநாள் என் ஜடையைப் பின்னிவிட்டபடி, "இனிமே நீயே பேசிப் பழகணும்டீ சனோ. நான் அங்கிட்டு போயிட்டா உனக்கு யாரு பேசுவா? எம்புட்டு நாளைக்கு நானே பேசிக்கிட்டு இருக்க முடியும்?" என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் பெங்களூர் போவது யாருக்கும் நல்லதில்லை என்று தோன்றியது. அவளுக்குக் குளிர் ஆகாது. கன்னடமும் தெரியாது.

நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருவதாக இருந்தது. அவர் எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாராம், ராத்தா போனில் கேட்டு வந்து சொன்னாள்.

"நான் சாலட் செய்றேன்" என்றேன். நானாக வாய் திறந்ததில் வீடே திரும்பிப் பார்த்தது.

"ஆட்டுக்குப் போடுறத மாப்ளைக்குப் போடப் போறியா?" என்றார் அத்தா.

"சும்மா இருங்கத்தா, புள்ள ஆசையாச் சொல்லுது" என்றாள் ராத்தா. அப்போதும் எனக்காக அவள்தான் பேசினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அடுப்படியைச் சல்லடை போட்டுச் சலித்தாள். முந்திரி டப்பாவை மாடிவீட்டு ஸ்யாமளா அக்காவிடம் கொடுத்துவைத்தாள். மசாலாப் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். மிக்ஸி ஜாடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள்.

நான் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடையில் நின்றேன். "முந்திரி, நூறு கிராம்" என்றேன். "சத்தமாச் சொல்லும்மா" என்றார் கடைக்காரர். சத்தமாகச் சொன்னேன். எனக்கு நானே கேட்டு வாங்கிய முதல் பொருள் அது. வீடு வரும்வரை ஒரு பெருமை இருந்தது.

முந்திரியில் சீஸ் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. பால் சீஸுக்குப் பதிலாகச் செய்வது. முந்திரியை ஊறவைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து மை போல அரைத்து, புளிப்புக்கு ஒரு கரண்டி தயிர்த் தண்ணீர் விட வேண்டும். துணியில் கட்டி வைத்தால் பாக்டீரியா தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மறுநாள் வெள்ளை வெளேரென்று உதிரும். நாக்குக்கும் வித்தியாசம் பிடிபடாது. அம்மாவும் ராத்தாவும் துணி எடுக்கப் போயிருந்த நேரத்தில் அரைத்தேன். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"இது என்னடி, பனீரா?" என்று கடலையை வறுத்துக்கொண்டே ராத்தா கேட்டாள்.

"சீஸ்" என்றேன். சீஸ்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வந்தால், தட்டில் விழுவது எல்லாமே பெண்ணின் கைப்பக்குவம்தான். பிரியாணியைப் பண்டாரி வந்து ஆக்கிவிட்டுப் போயிருப்பார். ஆனாலும் "எங்க ஷாஹீதா செஞ்சது" என்பார்கள். கேட்கிறவர்களுக்கும் உண்மை தெரியும். யாரும் துருவுவதில்லை.

விருந்து மிகவும் கலகலப்பாக இருந்தது. அத்தா விடாமல் ஆட்டுக் கதை சொன்னார். மச்சான் சாலட் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கரண்டியை எடுத்தவர், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன கொழுந்தியா, இதுல முந்திரி கிந்திரி இல்லையே?"

அவர் என்னிடம்தான் கேட்டார். நான் எப்போதும்போல ராத்தாவைப் பார்த்தேன்.

"இல்ல மச்சான், பயப்படாமச் சாப்புடுங்க. நானே பாத்துப் பாத்துச் செஞ்சேன்" என்றாள் ராத்தா.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

உதடு தடிக்கும், கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போகும் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது, அதையும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அத்தாவும் ஆட்டோக்காரரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தொண்டைக்குள் குழாய் போட வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார். குரல்தான் கொஞ்சம் கரகரத்துவிட்டது என்கிறார்கள்.

டாக்டர் ராத்தாவிடம் விசாரித்தார். அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கீரை, திராட்சை, கடலை, சீஸ். "கடலை வறுத்த சட்டியில முன்னாடி முந்திரி வறுத்திருப்பீங்க" என்றார் அவர். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் யாரும் எப்போதும் எதுவும் கேட்பதில்லை.

மச்சானின் அம்மா வராந்தாவில் நின்று, "இல்லைன்னு உன் வாயாலதானேம்மா சொன்ன? எம் புள்ள உன் பேச்ச நம்பித்தானே தின்னான்?" என்றார். அவர் சத்தம்கூடப் போடவில்லை. அடுத்த வாரம் நிச்சயத் தட்டு திரும்பி வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் நன்றாகப் பேசுகிறேன். காய்கறிக்காரரிடம் பேரம்கூடப் பேசுகிறேன். "எங்கடா ஒளிச்சு வச்சிருந்த இம்புட்டுப் பேச்சையும்?" என்று அத்தா கேட்கிறார். ராத்தாதான் வெளியே வருவதில்லை. அடுப்படிப் பக்கமும் போவதில்லை. போனாலும் அந்த மிக்ஸி ஜாடியைத்தான் எடுத்துக் கழுவுகிறாள். யாராவது வீட்டுக்கு வந்தால் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்கிறாள். நான்தான் பதில் சொல்கிறேன்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சனோ, நீ கூடவேதானே இருந்த. நெசத்தச் சொல்லு. என் கையில எங்கயாச்சும் முந்திரி பட்டிருக்குமா?"

அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஏதோ ஒரு பதில் தெரிந்தால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது.

"பட்டிருக்கலாம் ராத்தா" என்றேன். "நீ வேணும்னேவா செஞ்ச? விடு."

அவள் என் மடியில் படுத்து நெடுநேரம் அழுதாள். நான் தலையைக் கோதிவிட்டேன். எனக்கும் ஒரு வரன் வந்திருக்கிறது, திருவாதவூர்ப் பக்கம். வேண்டாம் என்று அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். இந்த நிலையில் அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? நான் இல்லாவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?