தொப்பைக்கு ஒரு கூலி, கைக்கு ஒரு கூலி

கல்யாணச் சமையற்காரர் சங்கத்தின் தலைமை நாற்காலியை அலங்கரிக்கும், ஆர்டர் பிடித்துத் தரும் என் உடன்பிறந்த தம்பி ஜெகபர் அலி அவர்களே! இளைய மகள் நிக்காவுக்குச் சமையல் மாஸ்டர் பேச வத்தலக்குண்டிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வதூது ராவுத்தர் அவர்களே! பந்திக்குக் கிடாய் கொடுத்தே தலை நரைத்த சோலைமலை அவர்களே! என்னோடு முப்பது வருடம் வெங்காயம் உரித்து என்னைவிட அதிகம் அழுத அய்யம்மாளே! சாமான் வண்டி ஓட்டும் முகமது பாரூக்கே! கடைசி வரிசையில் கட்டுப்போட்ட காலை நீட்டியிருக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் மன்சூரே! அவன் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்தியிருக்கும் அவன் மனைவி பர்ஹானாவே! பெரியோர்களே, தாய்மார்களே, உங்களுக்கும் என் சலாமும் வணக்கமும். இவர்களை மட்டும் ஏன் பேர் சொல்லி விளித்தேன்? ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த ஒரு நாளில் என் வீட்டு வாசலில் நின்றவர்கள் இவர்கள்தாம். ஒரு முகத்தையும் நான் மறக்கவில்லை.

நோட்டீசில் என் பெயருக்கு நேரே வாழ்த்துரை என்று அச்சடித்திருக்கிறார்கள். வாழ்த்த வாய் வரவில்லை, சபையோரே. நெஞ்சில் ஏழு வருடமாக ஒரு வழக்குக் கிடக்கிறது. அதைச் சொல்ல வந்தேன்.

அன்று நடந்தது என்ன? ராவுத்தர் தம் மூத்த மகள் நிக்காவுக்கு மாஸ்டர் தேடி வந்தார். மன்சூர் முன்னால் போய் நின்றான். ஐம்பது கிலோகூட இருக்க மாட்டான். மூங்கிலுக்குச் சட்டை மாட்டியதுபோல இருப்பான். ஆனால் அந்தக் கை! அவன் பிரியாணித் தம் உடைத்தால் சீரகச் சம்பா அரிசி அரிசியாய் எழுந்து நிற்கும்! ராவுத்தர் கையையா பார்த்தார்?

"இவனா மாஸ்டரு? தானே சோறு காணாத ஆளா இருக்கான். எங்களுக்கு என்னத்தப் போடப் போறான்?"

உடனே என் தம்பியின் விரல் எழுந்தது. யாரை நோக்கி? சாமான் இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்த பாரூக்கை நோக்கி! பாரூக்கின் தொப்பையை நோக்கி!

"இவன் வெங்காயம் நறுக்குறவனுங்க. மாஸ்டரு அந்தா நிக்கிறாரு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று அய்யம்மாளும்தான் சிரித்தாள்.

நிக்காவன்று பாரூக் தோளில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தீயில் வெந்தவன் யார்? மன்சூர். பிரியாணித் தேக்சாவைக் கிளறியவன் யார்? மன்சூர். மூவாயிரம் யாருக்கு? தொப்பைக்கு! கைக்கு? எழுநூறு! நான் தம்பியிடம் நியாயம் கேட்டேன். "அக்கா, மொதல்ல கண்ணுதான் திங்கும். அப்பறந்தான் வாயி" என்றார்.

"நன்னி, நானும் ஒடம்பு போடணும்" என்றான் என் பேரன். போட வைத்தவள் நான். சோலைமலை கொடுத்தனுப்பிய கொழுப்பை உருக்கி, நல்லி எலும்பை உடைத்து, வேண்டாம் வேண்டாம் என்றவன் வாயில் திணித்தேன். இரண்டே வருடத்தில் எண்பத்தைந்து கிலோ! பழனி கூப்பிட்டது, நிலக்கோட்டை கூப்பிட்டது. அதே கை, அதே உப்பு, அதே தீ. கூலி மட்டும் நாலு மடங்கு! ருசியா கூடியது? இடுப்பல்லவா கூடியது!

இடுப்போடு சர்க்கரையும் வந்தது. அடுப்புக்கல் பட்ட புண் மூன்று மாதமாக ஆறவில்லை. உடம்பைக் குறை, இல்லையென்றால் காலைக் காப்பாற்ற முடியாது என்கிறார் டாக்டர். குறைத்தான். கன்னம் வற்றியது. போன மாதம் நெய்க்காரப்பட்டிக்காரர் ஒருவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, மாஸ்டருக்கு ஒடம்பு சொகமில்லீங்களா? வேற ஆளு இல்லீங்களா?" நீட்டிய அட்வான்சை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்று காலையில் பர்ஹானா ஓடி வந்தாள். "நன்னி, இவரு செய்யுறத வந்து பாருங்க!" போய்ப் பார்த்தேன். என் பேரன் சட்டைக்கு உள்ளே வயிற்றைச் சுற்றி மூன்று துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தான்! ராவுத்தர் வருகிறாராம். ஆர்டர் கிடைத்தால் நாளையிலிருந்து மறுபடியும் கொழுப்பாம்.

"ஏலே, காலு போயிரும்டா!" என்றேன்.

"காலு போனா உக்காந்து சமைப்பேன் நன்னி. தொப்பை போனா எவன் கூப்புடுவான்?"

மெலிந்தால் உயிர் நிற்கும். மெலிந்தால் வேலை நிற்காது. தாய்மார்களே, நான் அல்லாஹ்விடம் எதற்கென்று துஆக் கேட்பேன்?

ராவுத்தரே, நீங்கள் தேடி வந்தது அன்று நாற்காலியில் இருந்தவரைத்தானே? தலைவர் அவர்களே, இதோ சபை கூடியிருக்கிறது. அன்று சமைத்தவன் யார்? நீட்டுங்கள் அந்த விரலை! ஏன் கை சால்வைக்குள் போகிறது? என்ன? "அக்கா, எறங்குங்க, ஆளுக பாக்குறாக"வா? பார்க்கட்டும்! பார்க்கத்தானே சொல்கிறேன்!

அங்கே எழுந்திருப்பது யார்? பாரூக்கா? சத்தமாகச் சொல்லுங்கள், அப்பு! கேட்டீர்களா சபையோரே? "நான் வண்டி ஓட்டுறவன். அன்னைக்கு நீங்க தின்னது மன்சூரு கை" என்கிறார்!

ராவுத்தர் எழுந்துவிட்டார். வெளியே போகிறாரா? இல்லை, கடைசி வரிசைக்குப் போகிறார். மன்சூர் சட்டைக்குள் கையை விட்டு ஒரு துண்டை உருவுகிறான். இன்னொன்று. மூன்றாவதும். யா அல்லாஹ், அவ்வளவு மெலிந்துவிட்டானா என் பிள்ளை! ராவுத்தர் என்ன சொல்வாரோ, தெரியவில்லை. இந்தத் தூணைப் பிடித்துக்கொண்டே முடிக்கிறேன்.

சிரித்த அய்யம்மாளை மன்னித்தேன். கொழுப்புக் கொடுத்த சோலைமலையை மன்னித்தேன். ஏமாந்த ராவுத்தரை மன்னித்தேன். பாரூக்கை இந்த நிமிடம் மன்னித்தேன். ஊட்டிய என் கையின் கணக்கைப் படைத்த ரப்பிடம் விட்டேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் வீட்டு அடுப்புகள் அணையாதிருக்கட்டும், சலாம். ஆனால் இன்னும் சால்வைக்குள்ளேயே விரலை வைத்திருக்கும் ஒருவரை, நான் இடுப்பில் சுமந்து வளர்த்த ஒருவரை, மறுமையில் வந்து கேட்டாலும் மன்னிக்க மாட்டேன். அவர் பெயர் ஜெகபர் அலி.