பன்னிரண்டாம் நாள் ஈ

— நாப்பத்தோரு பாட்டில் அண்ணே. ஒண்ணு விடாம எல்லாத்துலயும் இருக்கு.

— எதும்மா இருக்கு? முந்தாநாள்தானே பாட்டிலெல்லாம் கழுவி, புதுத் தீனி காய்ச்சி ஊத்தினேன்.

— தீனியில இல்ல. இந்த லென்ஸ்ல கண்ண வைங்க. ஈயோட அடிவயித்துல பாருங்க.

— வெள்ளையா ஒரு பொட்டு... ஏம்மா, நகருது. ஈக்குமா பேன் புடிக்கும்?

— உண்ணி. ஒட்டிக்கிட்டு உறிஞ்சுது. பஞ்சு அடைப்புக்குள்ள பூந்து அடுத்த பாட்டிலுக்கு நடந்தே போயிடும்.

— நல்ல கூத்து. நாம ஈயக் கட்டி மாரடிக்கிறோம், அதுக்குள்ள இவன் வந்து பந்தியில உக்காந்துட்டான். கழுவி விட்டா போகாதா?

— போகாது. போன வாரம் பக்கத்து ரூம்ல வந்தப்பவே கதவுல நோட்டீஸ் ஒட்டினேன். எல்லாத்தையும் இன்னிக்கே கொதிக்க வச்சாகணும்.

— பன்னெண்டாம் நாள் கண்ணு போகுமே, அந்த ஈயையுமா?

— அதையும்தான். ஒன்பது வருஷ ஆராய்ச்சி அண்ணே. இந்த ஈ வேற யார்கிட்டயும் இல்ல. உண்ணி ஏறாத ஒரே ஒரு ஜோடி இருந்தாப் போதும், மறுபடி பெருக்கிடுவேன்.

— ஒரு ஜோடியா? தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மூணு மாசம் முன்னாடி அதுல ஒரு பாட்டில நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

— என்னது? என்னைக் கேக்காமயா?

— திருட்டுதான். என் மக கண்ணுக்கும் அதே நோய்னு டாக்டர் சொன்னாருல்ல. கண்ணு போன பிறகு அதுங்க எப்படிப் பொழைக்குதுன்னு பாக்கணும்போல இருந்துச்சு. பொழைக்குதும்மா. தின்னுது, முட்டை வைக்குது, குஞ்சு பொரிக்குது. மக அந்தப் பாட்டிலக் காதோட வச்சுக்கிட்டே திரிவா.

— மூணு மாசம் முன்னாடின்னா இங்க உண்ணியே கிடையாது. அண்ணே, உங்களைத் திட்டவா, கும்பிடவா? கெளம்புங்க, என் வண்டியிலயே போலாம். பாட்டில் எங்க இருக்கு?

— இல்லம்மா.

— இல்லன்னா?

— நேத்து சாயங்காலம் கொதிக்கிற தண்ணியில போட்டுட்டேன். மக இன்னும் எங்கூடப் பேசல.

— ஏன் அண்ணே? ஏன் போட்டீங்க?

— பாட்டில வெளிய கொண்டுபோறவங்களுக்கு வேலை போயிடும்னு நீங்கதானே கதவுல ஒட்டினீங்க. நானே எழுத்துக் கூட்டி நேத்துதாம்மா படிச்சு முடிச்சேன்.