இரண்டு பக்கமும் கேட்கிற அட்மின்

எங்கள் குழுவில் காலை வணக்கம் போடக் கூடாது, சார். அதுதான் முதல் விதி. ரோஜாப்பூவோடு ஒரு வணக்கம் அனுப்பியதற்காக என் சொந்த மச்சானையே நீக்கியிருக்கிறேன். என் மனைவி ஒரு வாரம் ரசத்தில் உப்புப் போடவில்லை. நீதிமான்களின் சாப்பாடு அப்படித்தான் இருக்கும் என்று குடித்துவைத்தேன்.

பந்தயப் புறா வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு அது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மொட்டை மாடியில் கூண்டு வைத்திருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் அதில் உண்டு. துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கிற கிளார்க் நான். எனக்கு வேறு எங்கே நாலு பேர் கட்டுப்படுவார்கள்? அதனால் ஒழுங்காகவே நடத்தினேன். யார் மேல் புகார் வந்தாலும், இரண்டு பக்கமும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னதில்லை.

இந்த வருடம் பந்தயத்துக்கு விட்ட புறாக்கள் கல்மண்டபம் பகுதி வரை வந்து காணாமல் போயின. ஒருவரை ஒருவர் திருடன் என்றார்கள். சாதி வந்தது, சர்ச் வந்தது, அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினேன். ஆதாரம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பெயர் வெளியே வராது என்று அறிவித்தேன்.

ஜூடி அனுப்பினாள். கல்மண்டபத்துப் பெண், எங்கள் குழுவில் இருந்த ஒரே பெண். அவள் எடுத்த வீடியோவில் எங்கள் உறுப்பினர் சிலுவைமுத்து தன் மாடியில் வலை விரித்து, சிக்கிய புறாக்களின் கழுத்தைத் திருகிச் சாக்கில் போடுகிறான். ஈரத்துணி பிழிகிறவனைப் போல நிதானமாக.

பின்னாலேயே போன் வந்தது. "அண்ணா, எம் பேரு மட்டும் வெளிய வரக் கூடாதுண்ணா. அந்தாளு போன வர்சம் ஒருத்தன் முட்டிய ஒடைச்சிட்டு வந்து, சிரிச்சிகினே டீ குடிச்சான். எங்கப்பா வேற படுத்த படுக்கையா கீறாரு."

"நான் இருக்கேன்மா, பயப்படாத" என்றேன். சொன்னபோது நம்பித்தான் சொன்னேன்.

ஆனால் சிலுவைமுத்துவின் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? உங்கள் மேல் புகார் வந்திருக்கிறது, விளக்கம் தேவை என்று அவனுக்குச் செய்தி போட்டேன். விளக்கம் நேரிலேயே படியேறி வந்தது. என் கூண்டைத் திறந்து ஒரு பெட்டைப் புறாவைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டே பேசினான்.

"இன்னா மாமு, எம்மேல பிராதாமே. யாரு குட்த்தது?"

"பேர் சொல்ல முடியாது. விதி."

"சர்தான். பேரு வாணாம். நா இன்னா தப்பு பண்ணேன்னு எனக்குக் காட்டணுமா இல்லியா? நீயே நாயம் சொல்லு, நைனா."

அவன் பெருவிரல் புறாவின் கழுத்தில் இருந்தது. இருந்தாலும் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, சார். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ஆதாரத்தைப் பார்க்கும் உரிமை உண்டு. ஜூடியின் பெயர் தெரியாமல் செய்தேன். சத்தத்தையும் நிறுத்தினேன். பிறகுதான் காட்டினேன்.

ஒரே தடவை பார்த்தான். "டேங்ஸ் மாமு" என்று புறாவைக் கூண்டில் விட்டுவிட்டு இறங்கிப் போனான். என் புறாவுக்கு ஓர் இறகுகூட உதிரவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஜூடியிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணா, செலுவமுத்து எங்க மாடிப்படி ஏறிகினு கீறான். குரூப்பத் தொறங்க. பக்கத்து மாடில யார்னா வருவாங்க."

திறந்திருந்தால் உதவிக்கு ஓடியிருப்பார்கள். ஆனால் விசாரணை முடியாமல் ஒரு தரப்பை மட்டும் பேச விடுவது எப்படிச் சரியாகும்? 'புகார் விசாரணையில் உள்ளது, பொறுமை காக்கவும்' என்று பதில் போட்டேன். அவள் அதைப் படிக்கவில்லை. மாடியிலிருந்து கால் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள்.

அந்த ஸ்டேஷன் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள், சார். அவன் இன்னும் பிடிபடாமல் வெளியேதான் இருக்கிறான்.

பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்கள். நாங்கள் புறாக்காரர்கள். நாள் முழுக்க வானத்தையும் மொட்டை மாடிகளையும் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. எந்த மாடியில் நின்றால் எந்தத் தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் தெரியும் என்பது எங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். வீடியோ ஓடிய முதல் நொடியிலேயே அது ஜூடி வீட்டு மாடி என்று நானே கண்டுகொண்டேன். அவனும் கண்டுகொள்வான் என்று தெரிந்துதான் காட்டினேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் பெயரை மறைத்த பிறகுதான் காட்டினேன் என்பதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள், சார்.