பிற்பகல் வருகை

மத்தியானம் ஒன்றரை மணி. விஸ்வநத்தத்தைத் தாண்டி மினிபஸ் திரும்புகிற இடத்திலிருந்து ஒரு கரிசல் பாதை உள்ளே போகிறது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு. ஒரு காக்கா கூடக் கத்தாத வெயில். அந்தப் பாதை முடிகிற இடத்தில் ஒரே ஓர் அறை கொண்ட பள்ளிக்கூடம்... அதன் வாசலில் வருஷக்கணக்காக மத்தியானத்தில் அடிக்காத மணியை அன்றைக்கு ஒருவர் அடித்தார். அடித்திருக்கக் கூடாது.

தேர்தலுக்கு முந்தின இரவு, வாக்குச்சாவடிக்கு வந்த ஆசிரியர்கள் நாலைந்து பேர், மின்சாரம் போய்விட்ட வகுப்பறையில் ஒரு செல்போன் வெளிச்சத்தைச் சுற்றி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அப்போது ஞானசுந்தரி டீச்சர் சொன்ன கதை இது. நடந்தது டீச்சருடைய தோழி அருணாதேவியின் பெரியப்பாவுக்கு. "எனக்குப் பேயெல்லாம் பயமில்ல. இந்த ஆள நெனச்சாத்தான் கொமட்டிக்கிட்டு வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் டீச்சர் ஆரம்பித்தார்.

பெரியப்பா பெயர் புகழேந்தி. பேர் பெத்த பேர். தலைமையாசிரியர் என்று வாசலில் எழுதியிருக்கும். தலைமை தாங்குவதற்கு இன்னோர் ஆசிரியர் கிடையாது. ஓராசிரியர் பள்ளி. அவரே ராஜா, அவரே மந்திரி. பிள்ளைகள் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் அப்பா அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை.

திருத்தங்கலில் இருந்து பத்தரைக்கு வந்து இறங்குவார். பன்னிரண்டு மணிக்குச் சத்துணவு. பன்னிரண்டரை மினிபஸ்ஸில் ஏறிவிடுவார். அவர் போனால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. பிற்பகல் என்ற ஒன்று அங்கே வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. காலையில் வந்ததும் வராததுமாக இரண்டு வேளைக்கும் சேர்த்துப் பத்துப் பேரும் வந்ததாகக் குறித்துவிடுவார். சமையல் செய்கிற பத்திரகாளி, மத்தியானம் பாடம் கிடையாதா என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"வெடிக்குக் குழாய் உருட்டப்போற கழுதைகளுக்கு நாலு மணி வரைக்கும் என்ன படிப்பு வேண்டிக்கெடக்கு? நீ சோத்தக் கிண்டு" என்றார்.

பிள்ளைகளின் நோட்டை அவர் கையால் தொட்டதே இல்லை. தரையில் வைத்துத் தள்ளிவிட வேண்டும். பிரம்பு நுனியால் பக்கத்தைப் புரட்டி, நாற்காலியில் இருந்தபடியே பார்ப்பார். பட்டாசுக்குள் அடைக்கிற பொடிக்கு அந்தப் பக்கத்தில் மருந்து என்று பெயர். அந்த மருந்து நாற்றம் அவருக்கு ஆகாதாம். மாதச் சம்பளம் மட்டும் மணந்தது போலிருக்கிறது.

நாலாம் வகுப்பில் பாண்டிச்செல்வி என்று ஒரு பிள்ளை. அம்மா மாடத்தி கம்பெனியில் திரி வெட்டுகிறவள், அப்பன் இல்லை. பள்ளிக்கூடம் மத்தியானமே பூட்டிவிடுகிறதே, பிள்ளை எங்கே போகும்? கருவேலங்காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாத ஒரு ஷெட் இருந்தது. அங்கே போய் மருந்து அடைக்கும். அதனால் இரண்டு உள்ளங்கையும் எப்போதும் சாம்பல் நிறம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அவளை மட்டும் வாசற்படி ஓரத்தில்தான் உட்காரவைப்பார். வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, "போ, கையக் கழுவிட்டு வா."

அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆசை. வகுத்தல் கணக்கு படிக்க வேண்டும். "சார், வகுத்தல் எப்ப சார் சொல்லித்தருவீக?" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். "மத்தியானம் சொல்லித்தாரேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். மத்தியானம்தான் கிடையாதே!

ஒரு மாசி மாதம். ரெண்டே கால் மணிக்கு ஷெட் வெடித்தது. உள்ளே இருந்தது பாண்டிச்செல்வி மட்டும்.

ஷெட்காரன் அன்று இருட்டுவதற்குள் வந்து புகழேந்தியின் வீட்டில் உட்கார்ந்தான். பிள்ளை வேலை செய்தது வெளியே தெரிந்தால் அவன் உள்ளே போவான். புகழேந்திக்கு வேறு கவலை. பதிவேட்டில் அவள் நாலு மணி வரை வகுப்பில் இருக்கிறாள். நாலு மணி வரை வகுப்பில் இருந்த பிள்ளை ரெண்டே காலுக்கு ஷெட்டில் எப்படிச் சாகும்? இரண்டு யோக்கியர்களும் கலந்து பேசினார்கள். ஷெட்டில் யாருமே இல்லை என்று முடிவாயிற்று. மிச்சமிருந்ததை ஒரு சாக்கில் கட்டி ராத்திரியோடு புதைத்தார்கள். மாடத்தியை வாயைத் திறக்க விடவில்லை. மறுநாள் காலை புகழேந்தி சட்டை கசங்காமல் வந்து, வழக்கம்போல இரண்டு வேளைக்கும் பத்துப் பேரையும் குறித்தார். பேரை நீக்கினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் தேதி கேட்பார்கள். அதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு மாதம் கழித்து மாடத்தி வந்து வாசலில் நின்றாள்.

"சார்... எம்புள்ள பேர நோட்டுல இருந்து எடுத்து விட்ருங்க சார்."

"ஏன்? நோட்டுல இருந்தா ஒனக்கு என்ன செய்யுது?"

"தெனமும் மத்தியானம் வீட்டுல கதவு தெறக்குது சார். பை மாட்டுற ஆணி ஆடுது. நீங்க இங்கன பேரு போடுறீக... அது எந்திரிச்சுப் படிக்கப் போகுது. பூட்டுன பள்ளிக்கூடத்துல நின்னு பாத்துட்டு, சாயங்காலம் திரும்பி வருது. வார வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. பேர வெட்டிட்டா அது போற எடத்துக்குப் போயிரும் சார்."

கல்லும் கரைந்திருக்கும். இந்த ஆள் கொட்டாவி விட்டார். "வாயில சொன்னா ஆகாது. எழுதிக் குடு" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம்!

அவளும் விடவில்லை. கம்பெனியில் யாரையோ கெஞ்சி ஒரு தாளில் எழுதி, கீழே பெருவிரல் ரேகை வைத்துக் கொண்டுவந்தாள். புகழேந்தி அதைத் தொடவில்லை. தரையில் வைக்கச் சொன்னார். பிரம்பால் இழுத்துப் பார்த்தார். அந்தத் தாள் அவர் கையில் இருப்பதே ஆபத்து என்று அவருக்குத் தெரியும். "பெறுநர் எங்க? தேதி எங்க? முறைப்படி எழுதிட்டு வா" என்று திருப்பித் தள்ளினார். மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் தள்ளினார். பிறகு அவள் வரவில்லை.

ஆனி மாதத்தில்தான் அந்த நாள் வந்தது. பதினொன்றரைக்குப் போன். கல்வி அதிகாரி இரண்டு மணிக்குப் பார்வைக்கு வருகிறாராம். புகழேந்திக்கு வேர்த்துவிட்டது. "இன்னைக்கு ஒருத்தனும் போகக்கூடாது" என்று கத்தினார். யார் கேட்டார்கள்? குடத்துத் தண்ணீரில் தட்டைக் கழுவியதும் பிள்ளைகள் அத்தனை பேரும் வேலிக்குள் நுழைந்து ஓடிவிட்டார்கள். அவர்களைப் பழக்கியதே அவர்தானே! பத்திரகாளியைத் துரத்திப் பிடிக்க அனுப்பினார். அவளும் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் அவர் மட்டும். மணி ஒன்றரை.

வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதுதான் மணி. அதை அடித்தால் ஊருக்குள் கேட்டுப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று நினைத்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை... பிற்பகல் மணி.

டங். டங். டங்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பதிவேட்டைப் பிரித்தார். வெளியே வெயில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் பாதையில் சருகு மிதிபடும் சத்தம்... ஓட்டமும் நடையுமாக. நேரமாகிவிட்ட பிள்ளை ஓடிவருமே, அந்த மாதிரி.

வாசற்படி ஓரத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். அவர் நிமிரவில்லை. கந்தக நாற்றம் வந்தது. அதற்குப் பின்னால் முடி கருகுகிற நாற்றம். பழக்க தோஷம்... பதிவேட்டைப் பார்த்தபடியே வாயில் வந்துவிட்டது.

"போ, கையக் கழுவிட்டு வா."

வெளியே குழாய் திறந்தது. தண்ணீர் விழுந்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டதாம்... பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, சுர்ர் என்று... அந்தச் சத்தம். அந்தக் குழாயில் சித்திரையில் இருந்தே தண்ணீர் வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

காலடிகள் திரும்பி வந்தன. தரையில் ஏதோ உரசியது. ஒரு நோட்டு. வாசலில் இருந்து சறுக்கிக்கொண்டு வந்து அவர் செருப்பில் முட்டி நின்றது. அவர் பழக்கியபடியே.

பிறகு ஒரு குரல்.

"உள்ளேன் ஐயா."

கொஞ்சம் பொறுத்து... "மத்தியானம் ஆயிருச்சு, சார்."

அதிகாரி வரவில்லை. வழியில் ஏதோ கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டாராம். பத்திரகாளிதான் நாலு மணிக்கு வந்து பார்த்தாள். புகழேந்தி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எழுதுகிறார், வாசற்படி ஓரத்தைப் பார்க்கிறார், அழிக்கிறார், மறுபடியும் எழுதுகிறார். எல்லாம் வகுத்தல் கணக்கு. இரண்டு கையும் மணிக்கட்டு வரை சாம்பல் நிறம்.

அன்றிலிருந்து அவர் பன்னிரண்டரை பஸ்ஸில் ஏறவில்லை. ஊரில் "வாத்தியாரு திருந்திட்டாரு" என்றார்கள். மண்ணாங்கட்டி. நாய் வாலாவது நிமிர்வதாவது! மற்றப் பிள்ளைகள் மத்தியானத்தில் அந்த அறைக்குள் கால் வைக்கவே மாட்டோம் என்று அழுதார்கள். அவர் மட்டும் நாலு மணி வரை பாடம் நடத்தினார்.

பிறகு ஓய்வு பெற்றார். பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். ஆனால் தினமும் ஒரு மணிக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அருணாதேவியின் பெரியம்மா, வேறு யாரோ பொம்பளை சகவாசம் என்றே நினைத்தார். ஆனால் ராத்திரியெல்லாம் மனுஷன் எட்டாம் வகுப்புக் கணக்குக்குக் கைடு வைத்துக்கொண்டு, அழாத குறையாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் நடத்தித் தெரியாது. வாழ்நாள் பூராவும் படிக்காத படிப்பு!

ஒரு நாள் அவர் பையைப் பெரியம்மா பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு பழைய நோட்டு. அட்டையில் பாண்டிச்செல்வி என்ற பெயர். வகுப்பு நாலு என்று எழுதி அடித்திருந்தது. ஐந்து, ஆறு, ஏழு... எல்லாம் வரிசையாக அடித்து, எட்டு என்று எழுதியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கணக்கு. பக்கத்துக்குப் பக்கம் மருந்து நாற்றம்.

ஷெட்காரன் வீட்டில் வந்து உட்கார்ந்து பேசிய அன்றே அந்தப் பெயர் பெரியம்மா காதில் விழுந்திருந்தது. அருணாதேவியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மாடத்தி வீட்டுக்கு ஓடினார். காலில் விழாத குறை.

"தாயி, ஒம்மக கிட்டச் சொல்லம்மா. அவர விட்ரச் சொல்லு. மனுசன் செத்துக்கிட்டு இருக்காரு."

மாடத்தி முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"வாயில சொன்னா ஆகாதும்மா" என்றாள். "எழுதிக் குடுங்க."

பெரியம்மா படித்தவர். அன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். என் கணவர் செய்தது எல்லாமே பாவம், பொறுத்துக்கொள், அவரை விட்டுவிடு, தாயே. அழுதுகொண்டே எழுதினார். எழுதி, பூட்டிய பள்ளிக்கூடத்துக் கதவின் அடியில் உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

மறுநாள் சாயங்காலம் புகழேந்தி வீட்டுக்கு வந்தார். பையில் இருந்து அந்தத் தாளை எடுத்து, கையில் கொடுக்காமல், தரையில் வைத்துப் பெரியம்மா பக்கமாகத் தள்ளினார்.

தாளில் சிவப்பு மை. குண்டு குண்டான பிள்ளைக் கையெழுத்து.

'பெறுநர் இல்லை. தேதி இல்லை. முறைப்படி எழுதிக் கொடுக்கவும்.'

அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. நாலாம் வகுப்புப் பிள்ளையின் விரல் அளவுதான். அருணாதேவி அதைத் தொட்டுப் பார்த்தாளாம்... சுட்டது.