செல்லம்மா மலை, 5,840 அடி

எனக்கு மேடு ஏறவே பிடிக்காது இன்ஸ்பெக்டர் ஐயா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் இப்படிச் சொல்வது வெட்கம்தான். என்ன செய்ய, முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

எழுபத்துமூன்றில் வரைபடம் போட வந்த சர்வேயர் நாகரத்தினம் என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார். எங்கள் திரிங்காப் ஊருக்குப் பின்னால் உள்ள பெருங்காடு, விமானத்திலிருந்து எடுத்த படத்தில் வெறும் மேகமாக இருந்தது. அவருக்கோ காய்ச்சல். உயரம் காட்டும் கருவியை என்னிடம் கொடுத்து, "தங்கையா, நீயே ஏறிப் பாத்து எழுதிட்டு வந்துரு லா" என்றார்.

மூன்று நாள் மழை. நான் காட்டோரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தின்றேன். திரும்பிப்போய் ஒரு மலையைச் சொன்னேன். உயரம் 5,840 அடி. பெயர் கேட்டார். வாயில் வந்தது என் மனைவி பெயர்தான். காட்டில் ஒரு மலை கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

அச்சான வரைபடத்தைத் தோட்டக் கணக்கு எழுதும் கிராணி, ஆபீஸ் சுவரில் மாட்டினார். வட்டம் வட்டமாகக் கோடுகள், நடுவில் செல்லம்மா. சந்தோஷத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. லயத்து வீடுகளில் எல்லாரும் அவளை மலைக்காரி என்றார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளுக்கு வழி விட்டார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அன்றுதான் என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். எட்டு வருஷம் அப்படியே மிதந்தோம்.

எண்பத்தொன்றில், பிரம்பு வெட்டப் போன அர்ஜுனன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, அங்க மலையே இல்ல லா. வெறும் சேத்துக்காடு. நாளைக்குக் காலைல பேர் கூப்பிடற பெரட்டுல ஆளுங்க கூடுவாங்கல்ல, அப்பச் சொல்றேன். சிரிச்சே சாவாங்க."

நல்ல பிள்ளை. சூதுவாது கிடையாது. ஆனால் அத்தனை பேர் நடுவில் செல்லம்மா கூடையோடு நிற்பாளே என்று நினைத்தேன்.

"நீ வழி தப்பிட்ட தம்பி. வா, காட்டறேன்" என்றேன்.

இல்லாத மலைக்கு எப்படிக் கூட்டிப்போவது? வேறொரு பக்கம் பாறைச்சரிவு ஒன்று உண்டு. அதன் விளிம்பில் நின்று, "எங்கண்ணே மலை?" என்று சிரித்தான். பின்னாலிருந்து தள்ளினேன். ஒரு கையே போதுமாக இருந்தது.

செல்லம்மா மலையில் கால் வழுக்கி விழுந்தான் என்று சொன்னேன். போலீஸ் அறிக்கையிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஆமாம் ஐயா, கொன்றது நான்தான். தூக்கில் போடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக அளந்து போடும் வரைபடத்தில் அந்த மலையை அழிக்கப்போவதாகச் சொல்கிறீர்களே, அது நியாயமா? இல்லாத மலையிலிருந்து ஒருத்தன் எப்படி ஐயா விழுந்து சாவான்?