சந்தேகம் கேட்டால் திறக்கும் கதவு

என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றை முதல் தாளில் எழுதிக்கொண்டுவிட்டீர்கள். வயது நாற்பத்தொன்று. முதல் தாளில் குறித்துள்ள பொறியியல் கல்லூரியில் மின்னியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கல்லூரி முதல்வரையும் வெளியிலிருந்து வந்த நிபுணர்கள் இருவரையும் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர் ஓர் அறையில் அடைத்துவைத்ததாகத் தொலைபேசியில் வந்த புகார் தொடர்பாகவும், அதை விசாரிக்க வந்த தலைமைக் காவலர் முதல்வருடன் ஒரு ஸ்பிரிங்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது தொடர்பாகவும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லும்படி ஆய்வாளராகிய நீங்கள் கேட்டீர்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றீர்கள். சம்பந்தம் உண்டு.

எங்கள் வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்பதில்லை. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். எல்லாத் தலைகளும் ஆடும். முதல் பெஞ்சில் ஒரு மாணவி இருக்கிறாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் தலை ஆடத் தொடங்கிவிடும். வகுப்பில் அவளுக்குத் தலையாட்டி என்றே பெயர். ஒரு நாள் வேண்டுமென்றே பலகையில் ஒரு கணக்கைத் தலைகீழாகத் தப்பாகப் போட்டுவிட்டு, புரிந்ததா என்று கேட்டேன். அதற்கும் எல்லாத் தலைகளும் ஆடின. எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸை ஜன்னல் வழியாக எறிந்தேன். அது யார் மீதும் படவில்லை.

அதன்பின், விரிவுரை இல்லாமல் மாணவர்களே ஏதாவது ஒன்றைச் செய்து அதன் வழியாகக் கற்கும் பாடம் ஒன்றை இந்த ஆண்டு சோதனை முறையில் தொடங்க அனுமதி கேட்டேன். முதல்வர் அனுமதித்தார். கல்லூரி வாசல் பலகையில் "செய்முறைக் கல்வி" என்று எழுதிக்கொள்ளலாம் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. நிபுணர் குழு வந்து பார்த்து ஒப்புதல் தந்தால் மட்டுமே அந்தப் பாடத்தின் மதிப்பெண் செல்லும். தராவிட்டால், அதை எடுத்த மாணவர்களுக்கு ஒரு பாடம் குறைந்து, இந்த ஆண்டு பட்டம் கிடைக்காது. அந்த நால்வரில் ஒருவனுக்கு வேலை கிடைத்து, சேர வேண்டிய தேதியும் வந்துவிட்டது. எப்போதும் சால்டர் என்கிற ஈயத்தை உருக்கி ஒயர்களைப் பற்றவைத்துப் பற்றவைத்து விரல் நுனியெல்லாம் சுட்டுக்கொண்டிருப்பதால் அவனுக்கு சால்டர் என்று பெயர்.

அதன்பின், ஒவ்வொரு குழுவும் வகுப்பில் தாங்கள் கண்ட ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும் என்றேன். தலையாட்டி, சால்டர், வேறு இருவர் சேர்ந்த குழு, "யாரும் சந்தேகம் கேட்பதில்லை" என்பதையே பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர்கள் செய்து கொண்டுவந்தது ஒரு கதவு.

அந்தக் கதவின் வேலை பின்வருமாறு. அறையில் உள்ள நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தால் அவர் மேசையில் சிவப்பு விளக்கு எரியும், கதவில் உள்ள காந்தப் பூட்டு பூட்டிக்கொள்ளும். அவர் தன் மேசையில் உள்ள மைக்கைப் பிடித்து ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் "எனக்கும்தான்" என்று எழுதிய பொத்தான் ஒன்று உண்டு. அதே சந்தேகம் அறையில் வேறு ஒருவருக்காவது இருந்து அவர் அதை அமுக்கினால், கேட்டவரின் விளக்கு பச்சையாகும். எல்லா விளக்குகளும் பச்சையானால்தான் கதவு திறக்கும். வெளியிலிருந்து உள்ளே வர எந்தத் தடையும் இல்லை. எழுந்து நின்று ஏமாற்ற முடியாது, ஒரு முறை எரிந்த சிவப்பு விளக்கு எழுந்தாலும் அணையாது. அந்தப் பொத்தான் யாருடைய யோசனை என்று கேட்டேன். தலையாட்டி, "எனக்கு மட்டும்தான் புரியலைன்னு நெனச்சுதான் மேடம் மூணு வருஷம் தலையாட்டினேன். பக்கத்துல இருக்கறவளுக்கும் புரியலைன்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே கேட்டிருப்பேன்" என்றாள். நான் அவளைத் திட்ட வாயெடுத்து, திட்டாமல் விட்டேன்.

"மணி என்ன" என்று கேட்டுவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்களே என்று நான் ஆட்சேபித்தேன். முதல் நாள் மணிதான் கேட்பார்கள், போகப்போக அலுத்துவிடும் என்றாள். அப்படியே நடந்தது. இரண்டாவது வாரத்தில் எங்கள் வகுப்பில் எனக்கே பதில் தெரியாத கேள்விகள் வந்தன. இதைக் கேட்ட என் கணவர், "நம்ம வீட்டுல மட்டும் இத மாட்டிடாத தாயே, அப்புறம் நான் ஆபீஸ் போன மாதிரிதான்" என்றார். இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். உள்ளே கதவுக்குப் பக்கத்திலேயே அவசரத்துக்கு ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் உடனே திறக்கும். மின்சாரம் போனாலும் திறந்துகொள்ளும். எங்கள் பகுதியில் தினமும் போகிற கரண்ட், சம்பவ நாளன்று பார்த்துப் போகவே இல்லை.

சம்பவ நாளன்று முதல்வர், நிபுணர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு அந்த அறைக்கு வந்தார். ஒருவர் மூத்தவர், எதையும் பேனா முனையால் தட்டிப் பார்ப்பவர். மற்றவர் இளையவர், கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காதவர். நானும் மாணவர்கள் நால்வரும் உள்ளே இருந்தோம். கதவு எப்படி வேலை செய்யும் என்பதைச் சால்டர் முழுவதும் சொன்னான். அதைக் கேட்டபின்தான் மூவரும் தாங்களாகவே உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பிடித்து உட்கார வைக்கவில்லை. இந்த வாக்கியத்தைக் கோடிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்கள் ஆளுக்கொரு சந்தேகம் கேட்டுத் தங்கள் விளக்குகளைப் பச்சையாக்கினார்கள். அதன்பின் மூத்த நிபுணர், மேசைகளை மாணவர்களே செய்தார்களா, கடையில் வாங்கினார்களா என்று கேட்டார். இளையவர் எனக்கும்தான் என்று அமுக்கினார். அதன்பின் இளையவர், கரண்ட் போனால் கதவு என்ன ஆகும் என்று கேட்டார். அதற்கு அந்தக் குழுவிலேயே இருந்த நான்காவது மாணவன் எனக்கும்தான் என்று அமுக்கினான். செமஸ்டர் முழுவதும் அவன் என்ன வேலை செய்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் மதிப்பெண்ணைப் பற்றித் தனியாக முடிவு செய்வேன். அதன்பின் நான், இப்படி ஊர் ஊராகப் போய் எல்லாம் பிரமாதம் என்று கேட்டுக்கொண்டே இருக்க அலுக்காதா என்று கேட்டேன். இரண்டு நிபுணர்களும் ஒரே நேரத்தில் அமுக்கினார்கள்.

அதன்பின் முதல்வரின் விளக்கு மட்டும் சிவப்பாக இருந்தது.

முதல்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் மின்னியல் துறையிலிருந்து வந்தவர், முதல்வராகும் வரை இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தியவர். அவர் பேசினால் வாக்கியம் "செய்யப்படும்" என்றோ "தவிர்க்கப்பட வேண்டும்" என்றோதான் முடியும். மாணவர்கள் அவரைச் சுற்றறிக்கை என்பார்கள். கேள்விக்குறியோடு ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை, திட்டும்போது தவிர. மைக்கைப் பிடித்து, "இதுக்கெல்லாம் யார் அனுமதி குடுத்தது?" என்று கேட்டார். யாரும் அமுக்கவில்லை, ஏனென்றால் அவர்தான் கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். "உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?" என்று கேட்டார். அதற்கும் யாரும் அமுக்கவில்லை. "சார், டைம் என்னன்னு கேட்டாக்கூடப் போதும் சார், நான் அமுக்கிடறேன்" என்றான் சால்டர். "கையில வாட்ச் கட்டியிருக்கேன்" என்றார் முதல்வர். தனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது, இல்லாத சந்தேகத்தை எங்கிருந்து கேட்பது என்று அறையைப் பார்த்துச் சொன்னார்.

நான் எழுந்து சிவப்புப் பொத்தானிடம் போனேன். மூத்த நிபுணர், "தாராளமா அமுக்குங்க. அமுக்கினா, இது வகுப்புக்கு ஆகாத முறைன்னு எழுதிக்கறேன். அவ்வளவுதான்" என்றார். சால்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமுக்கக் கூடாது என்று முதலில் கத்தியவர் முதல்வர்தான், வாசல் பலகைக்குப் பெயிண்டரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவரால் பொத்தானை அமுக்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரே ஒரு கேள்விதானே, கேட்டுத் தொலைத்தால் என்ன என்று மனதுக்குள் சொன்னேன். சத்தமாகவும் சொல்லியிருக்கலாம்.

அதன்பின் முதல்வர், தன் நேர்முக உதவியாளருக்குப் போன் செய்தார். அவர் முதல்வரின் மனைவியுடைய தம்பி. "மாப்ள, நான் மாட்டிக்கிட்டேன்டா, பசங்க விடமாட்டேங்கறாங்க" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை அக்காவுக்குச் சொல்லி, அக்கா அழுது, அதன்பின் உங்கள் நிலையத்துக்குப் போன் வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதன்பின் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் தலைமைக் காவலர் லத்தியுடன் உள்ளே வந்தார். கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. நின்றுகொண்டே எல்லாருடைய பெயரையும் ஊரையும் கேட்டார். முதல்வர் மரியாதைக்காக "உக்காருங்க" என்றார், அவரும் உட்கார்ந்தார், அவர் மேசையிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. விவரத்தைச் சொன்னோம். அவர் கொஞ்சம் யோசித்து மைக்கைப் பிடித்து, "இங்க ஒரு டீ கெடைக்குமா?" என்றார். முதல்வர் நீங்கலாக எல்லாரும் அமுக்கினோம். இதையும் எழுத வேண்டுமா என்று அவர் இப்போது கேட்கிறார். எழுதச் சொன்னேன்.

தன் விளக்கு அவ்வளவு சுலபமாகப் பச்சையானதில் தலைமைக் காவலருக்குத் தெம்பு வந்துவிட்டது. முதல்வரைப் பார்த்து, "நீங்களும் கேளுங்க சார், ஒண்ணும் ஆகாது. நான் என்ன சார், கூச்சப்பட்டேனா?" என்றார். முதல்வர் மைக்கைத் தொடாமல், மேசையைப் பார்த்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோல், "இந்த ரியாக்டிவ் பவர் இருக்கு பாருங்க" என்று தொடங்கினார்.

அது என்ன என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். மோட்டார் போன்றவற்றுக்குள் போய், எந்த வேலையும் செய்யாமல் அப்படியே திரும்பி வந்துவிடுகிற மின்திறன் என்று புத்தகத்தில் இருக்கும். வேலை செய்யாமல் வந்து போவது எங்கள் கல்லூரியில் மின்சாரம் மட்டும் இல்லை என்றாலும், பாடத்தில் இதைத்தான் அப்படிச் சொல்வோம். கணக்கு எல்லாருக்கும் போடத் தெரியும். முதல்வரும் இருபது ஆண்டு போட்டுக் காட்டியவர்.

தலையாட்டி மைக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதில், "வேலையே செய்யாம போயிட்டு வருதுன்னா, அது எதுக்குத்தான் போவுது? போகாட்டி என்ன ஆகும்? ஃபார்முலா எல்லாம் எழுதிடுவேன். ஆனா பசங்க யாராவது இதக் கேட்டுடுவாங்களோன்னு வருஷா வருஷம் பயந்துகிட்டே நடத்தினேன். யாரும் கேக்கல" என்றார்.

இளைய நிபுணர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அமுக்கினார். மாணவர்கள் அமுக்கினார்கள். மூத்த நிபுணர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு அமுக்கினார். தலைமைக் காவலரும் அமுக்கினார், ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கடைசியாக நானும் அமுக்கினேன். அந்தப் பாடத்தை நான் பத்து ஆண்டாக நடத்துகிறேன். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது, கூடவே அவர்மேல் பாசமாகவும் இருந்தது.

கதவு திறந்துகொண்டதை யாரும் கவனிக்கவில்லை. தலையாட்டி எழுந்து போய்ப் பட்டறைப் பெட்டியிலிருந்து ஒரு பெரிய ஸ்பிரிங்கை எடுத்துவந்து, ஒரு முனையை முதல்வரிடமும் மறுமுனையைத் தலைமைக் காவலரிடமும் கொடுத்தாள். "நீங்க இழுங்க சார். இப்ப விட்டுக் குடுங்க. மறுபடி இழுங்க. நீங்க குடுத்தத ஸ்பிரிங் வாங்கி வச்சுக்கிட்டு அப்படியே திருப்பிக் குடுக்குது, செலவே இல்ல. ஆனா நீங்க இழுக்காட்டி அது விரியவே விரியாது. மோட்டாருக்குள்ள காந்தம் உண்டாகறதும் இப்படித்தான்" என்றாள். "அப்ப எனக்குக் கை வலிக்குதே?" என்றார் முதல்வர். "அந்த வலிதான் சார் வயர்ல சூடா போவுது" என்றான் சால்டர். முதல்வர் "அட!" என்று சொல்லி இன்னும் வேகமாக இழுத்தார். தலைமைக் காவலரின் தொப்பி கீழே விழுந்தது. அதன்பின் நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். நீங்கள் பார்த்தது கைகலப்பு அல்ல.

"யார் சார் உங்கள அடைச்சு வச்சது?" என்று நீங்கள் கேட்டதற்கு முதல்வர், ஸ்பிரிங்கை விடாமல், "யாரும் அடைக்கல சார். எல்லாரும் கேட்டுட்டாங்க, எனக்குத்தான் லேட் ஆயிடுச்சு. கொஞ்சம் உக்காருங்க, பாதியில இருக்கோம்" என்றார். எனவே மாணவர்கள் நால்வர் மீதும் குற்றம் எதுவும் இல்லை. மூத்த நிபுணர் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டார், தனக்கு அந்த ஸ்பிரிங் வேண்டும் என்று வாங்கியும் போய்விட்டார்.

முதல்வர் சொன்னபடி நீங்கள் உட்கார்ந்தீர்கள். உங்கள் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது, கதவு மறுபடியும் பூட்டிக்கொண்டது. அதன்பின் நீங்கள் மைக்கில் கேட்ட கேள்வியை எழுத வேண்டாம் என்று சொன்னதால் இங்கே சொல்லவில்லை. முதலில் அமுக்கியவர் முதல்வர் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நான் சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடி. தலைமைக் காவலர் இதைப் படித்துக் காட்டினார். முடித்துவிட்டுப் புரிந்ததா என்று கேட்டார். நான் தலையாட்டவில்லை. இரண்டு இடங்களில் சந்தேகம் கேட்டேன், அவரும் எனக்கும்தான் என்றார், அவற்றைத் திருத்திய பிறகு கையெழுத்திட்டேன்.

(கையொப்பம்)